தேயிலைத் துளைப்பான் வண்டு: கேரள எல்லை மலைகளில் பெயரும் பரவலும் – ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டிப்பெரியாறு, பீர்மேடு, நெல்லியாம்பதி, மலக்கப்பாறை, வால்பாறை. எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, தமிழ் பேசும் தேயிலைத் தோட்டங்களில் கவாத்து முடிந்து இரண்டாம், மூன்றாம் ஆண்டில் நிற்கும் ஃபீல்டில் கொழுந்து பறிக்கும் கை பட்டு ஒரு தண்டு சட்டென்று முறிந்து, முறிந்த இடத்தில் கறுத்த வளையம் தெரிந்தால் யாரும் யோசிப்பதில்லை: போரர். கணக்குப்பிள்ளை குறிப்பில் ‘போரர்’ என்று இருப்பது ஆபீஸ் ரிஜிஸ்டரில் ‘ஷாட் ஹோல் போரர்’ ஆகிறது. ஆய்வறிக்கைக்குப் போகும்போது ‘யூவலேசியா ஃபோர்னிகேட்டஸ்’ ஆகிவிடுகிறது. முதல் இரண்டிலும் பிழையில்லை. மூன்றாவது படியில்தான் கோளாறு.

அந்த அறிவியல் பெயர் இன்று குறிப்பது ஒரு வண்டை. 2018க்கு முன் குறித்தது ஒன்றுபோல் தோன்றும் வண்டினங்களின் கூட்டத்தையே. இடையில் ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலம், வேறொரு வண்டைக் குறித்தது. ஆகவே பழைய பதிவுகளை அப்படியே எடுத்துப் பரவல் வரைபடம் போட்டால், மூன்று வண்டுகளின் புள்ளிகள் ஒரே நிறத்தில் விழும். இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அந்தக் குழப்பத்தைத்தான்: அது எப்படி வந்தது, நம் மலைகளில் அதை அவிழ்க்க மாதிரியை எப்படி எடுக்க வேண்டும், எந்த இடத்தில் வேலை கெடும்.

தண்டுக்குள் இருப்பது

யூவலேசியா கூன்வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குள் ஸ்கோலிட்டினே துணைக்குடும்பம், சைலெபோரினி குழு. அரிசியில் வரும் கூன்வண்டுக்குத் தூரத்து உறவு, ஆனால் நீண்ட மூக்கு கிடையாது. பூஞ்சையை நம்பி வாழும் காட்டு வண்டு என்றதும் பட்ட மரத்தில் தட்டுத் தட்டாக முளைக்கும் கட்டைக்காளானை உடைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் கிடைப்பவை சியிடே, எரோட்டிலிடே, எண்டோமைக்கிடே போன்ற வேறு குடும்பங்கள். அவை பூஞ்சை இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறவை. நம் வண்டு பூஞ்சையைத் தன்னோடு சுமந்துபோய், உயிருள்ள மரத்துக்குள் வளர்த்துச் சாப்பிடுகிறது. தாடையின் அடியில் உள்ள சிறு பைகளில் வித்துகளை வைத்திருக்கும். மரத்தை அது தின்பதில்லை. துளைக்கு வெளியே உதிரும் மாவு தோண்டித் தள்ளியது.

பென்சில் தடிமனிலிருந்து கட்டைவிரல் தடிமன் வரையான தண்டுதான் தேயிலையில் அதன் இடம். துளை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தண்டைப் பிளக்கும்போது கத்தியைத் துளையின் மேலேயே வைத்தால் வாயிலில் இருக்கும் தாய் நசுங்கிப் போகும். கால் அங்குலம் பக்கவாட்டில் தள்ளி வைத்து, நார் ஓடும் திசையில் மெதுவாகப் பிளக்க வேண்டும். உள்ளே சுரங்கம் நேராகச் சிறிது தூரம் போய், பிறகு தண்டின் சுற்றளவையொட்டி வளையும்; கிளைகள் மேலும் கீழும் ஓடும். சுவர் பழுப்பேறி, இயங்கும் சுரங்கமாக இருந்தால் ஈரப்பளபளப்போடு வெண்மையான மெல்லிய படலம் பூசியிருக்கும். படலம்தான் உணவு. அதே சுரங்கத்தில் முத்துப்போன்ற முட்டை, காலில்லாப் புழு, கூட்டுப்புழு, நிறம் முற்றாத இளம்பழுப்புப் பெண் வண்டுகள் எல்லாம் கலந்து கிடக்கும். நிறம் முற்றிய பெண் கறுப்பு, சுமார் 2 முதல் 2.7 மி.மீ. ஆண் அதைவிடச் சிறியது, பழுப்பு, பறக்காது. பெண்களின் கூட்டத்தில் ஒன்றோ இரண்டோதான் தென்படும். சுவர் காய்ந்து கறுத்து, எறும்பு குடியேறியிருந்தால் அது பழைய சுரங்கம். கணக்கில் சேர்க்கலாம், மாதிரிக்கு ஆகாது.

கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்றது பெண்ணாகும். சகோதரனும் சகோதரியும் சுரங்கத்துக்குள்ளேயே இணைந்து, கருவுற்ற பெண்தான் வெளியே பறக்கும். இணை சேராமல் வெளியே வந்த பெண்கூட முதலில் ஆண் முட்டைகளை இட்டு, வளர்ந்த மகனோடே சேர்ந்து குடும்பத்தைத் தொடங்கிவிட முடியும். இதை இங்கேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு இந்த வண்டு குடிபெயர ஒரே ஒரு பெண் போதும். அதோடு, ஒரு சுரங்கத்திலிருந்து எடுத்த பத்து வண்டும் புள்ளிவிவரக் கணக்கில் ஒரே ஒரு மாதிரிதான். பத்து என்று எண்ணினால் அளவீடு முழுவதும் பொய்த்துவிடும்.

பெயர் மாறிய வழி

1868இல் ஜெர்மானிய வனவியலாளர் ஐக்ஹாஃப், இலங்கையிலிருந்து வந்த வண்டுக்கு சைலெபோரஸ் ஃபோர்னிகேட்டஸ் என்று பெயர் வைத்தார். அப்போது அது தேயிலைப் பூச்சியாக அறியப்படவில்லை. இலங்கைத் தேயிலையில் அது தொல்லையாகத் தலையெடுத்தது 1890களில். 1923இல் எக்கர்ஸ், இலங்கையிலிருந்தே சற்றுச் சிறிய வண்டை ஃபோர்னிகேஷியர் என்று தனியாகப் பிரித்தார். ஆஸ்திரியரான ஷெட்ல் 1942இல் விட்ஃபோர்டியோடென்ட்ரஸ் என்றும், 1951இல் பெர்பிரெவிஸ், ஷுல்ட்சே, சமோவா தீவிலிருந்து டபடபாவோயென்சிஸ் என்றும் பெயர்களை அடுக்கினார். ஷெட்ல் பெயர் வைப்பதில் தாராளமானவர். பின்னால் வந்தவர்கள் அந்தப் பெயர்களைச் சேர்த்து மூடுவதில் அதே தாராளம் காட்டினார்கள். 1980களின் முடிவிலும் 1990களின் தொடக்கத்திலும் இவற்றில் பெரும்பாலானவை ஃபோர்னிகேட்டஸின் இணைப்பெயர்களாயின, அதாவது ஒரே இனத்துக்கு இட்ட வேறு பெயர்களாகக் கொள்ளப்பட்டன. 1989இல் ஸ்டீபன் வுட் அதை யூவலேசியா பேரினத்துக்கு மாற்றினார். நம் பக்கத்துப் பட்டியல்களில் புழங்குவது அந்தக் காலத்துப் பெயர்தான்.

கண்ணால் பார்த்தால் ஒன்றுபோல் இருப்பதை ஒன்று என்று சொன்னதில் அப்போது தவறில்லை. பிரச்சினை வெளியூரில் வெடித்தது. 2003இல் கலிஃபோர்னியாவில் பொறியில் சிக்கிய வண்டைத் தேயிலைத் துளைப்பான் என்றே அடையாளம் சொன்னார்கள். 2009இல் இஸ்ரேலில் அவகாடோ மரங்கள் காயத் தொடங்கின. 2012இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் அதே கதை. தேயிலை வண்டு ஏன் ஓக் மரத்தையும் ஆமணக்கையும் அவகாடோவையும் இப்படி அடிக்கிறது என்று மரபணுவைப் பார்த்தபோது, ‘ஒரே இனம்’ தெளிவாகப் பிரிந்து நின்றது. பலமரத் துளைப்பான், குரோஷியோ துளைப்பான், தேயிலைத் துளைப்பான் ‘ஏ’, தேயிலைத் துளைப்பான் ‘பி’ என்று தற்காலிகப் பெயர்கள் வந்தன.

இந்த நான்கில் எது ஐக்ஹாஃபின் வண்டு? அதைத் தீர்க்க அவர் பார்த்த அசல் மாதிரி வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஹாம்பர்க் அருங்காட்சியகம் எரிந்தபோது அவருடைய மாதிரிகள் போய்விட்டதாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் 2018இல் கோமஸும் உடன் ஆய்வாளர்களும் அளவீட்டையும் மரபணுவையும் சேர்த்து ஒரு தீர்வு சொன்னார்கள்: தேயிலை ‘ஏ’ ஃபோர்னிகேட்டஸ், தேயிலை ‘பி’ ஃபோர்னிகேஷியர், பலமரத் துளைப்பான் விட்ஃபோர்டியோடென்ட்ரஸ், நான்காவதற்குப் புதுப்பெயர் குரோஷியோ. அடுத்த ஆண்டே ஐக்ஹாஃபின் அசல் மாதிரிகளில் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அளந்து பார்த்தால் அது தேயிலை ‘ஏ’ இல்லை. கலிஃபோர்னியாவையும் இஸ்ரேலையும் அடித்த பலமரத் துளைப்பான். 2019இல் ஸ்மித்தும் உடனிருந்தவர்களும், கோமஸ் உட்பட, பெயர்களைத் திரும்ப மாற்றினார்கள். பலமரத் துளைப்பானே யூவலேசியா ஃபோர்னிகேட்டஸ் ஆனது. விட்ஃபோர்டியோடென்ட்ரஸ் அதன் இணைப்பெயராக ஒடுங்கியது. தேயிலை ‘ஏ’வுக்கு ஷெட்லின் பெர்பிரெவிஸ் உயிர்பெற்றது. ஃபோர்னிகேஷியரும் குரோஷியோவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஆக, நம் மலைகளைப் பற்றிய ஒரு தாளில் ‘ஃபோர்னிகேட்டஸ்’ என்று கண்டால் முதலில் பார்க்க வேண்டியது ஆண்டு. 2018க்கு முந்தையது என்றால் அதற்குக் ‘கூட்டத்தில் ஏதோ ஒன்று’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. 2018–19இல் கோமஸ் முறையைப் பின்பற்றியிருந்தால் அது இன்றைய பெர்பிரெவிஸ். 2019க்குப் பின்பு, மரபணுச் சான்றோடு இருந்தால், பலமரத் துளைப்பான். 2019க்குப் பின்பு வந்து மரபணுச் சான்று இல்லையென்றால் மறுபடியும் முதல் வகைதான். தாள் புதியது என்பதற்காகப் பெயர் புதியதாகிவிடாது.

பூஞ்சையின் பெயரும் சும்மா இருக்கவில்லை. இலங்கைத் தேயிலைச் சுரங்கத்திலிருந்து 1947இல் காட், லூஸ் இருவரும் மோனக்ரோஸ்போரியம் அம்ப்ரோசியம் என்று விவரித்தது, 1990இல் அக்னிஹோத்ருடு, நிரன்பெர்க் இருவராலும் ஃப்யூசேரியம் அம்ப்ரோசியம் ஆனது. பலமரத் துளைப்பானோடு வருவது 2013இல் ஃப்யூசேரியம் யூவலேசியே என்று பெயர் பெற்றது. பூஞ்சையை வைத்து வண்டைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். சொல்ல முடியாது. இரண்டின் மரபுவழி மரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்துவதில்லை. பூஞ்சைகள் ஒரு வண்டினத்திலிருந்து இன்னொன்றுக்குப் பலமுறை தாவியிருக்கின்றன.

கையில் உள்ள வண்டு எது

முதல் வேலை, யூவலேசியாவே இல்லாதவற்றைக் கழிப்பது. இந்த மலைகளில் காப்பியும் தேயிலையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் தவறு சுலபம். ரொபஸ்டா காப்பியின் இளங்கிளையைத் துளைக்கும் சைலோசாண்ட்ரஸ் கம்பேக்டஸ் ஒன்றரை மி.மீ.க்குச் சற்று மேல், பளபளக்கும் கறுப்பு. சைலோசாண்ட்ரஸ் கிராசியஸ்குலஸ் அளவில் நம் வண்டை ஒத்தது. ஆனால் செம்பழுப்பு, பின்சரிவு மங்கலாகச் சொரசொரவென்று இருக்கும், துளையிலிருந்து மரத்தூள் சேமியா மாதிரி நீண்டு நிற்கும். இந்த இரண்டிலும் முன்மார்பின் பின்விளிம்பில் ஒரு மயிர்க்கற்றை உண்டு. அவற்றின் பூஞ்சைப் பை முதுகில் இருப்பதன் அடையாளம் அது. முன்கால்களின் அடிப்பகுதிகளும் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும். யூவலேசியாவில் மயிர்க்கற்றை இல்லை, முன்கால் அடிகள் ஒட்டி நிற்கும். பத்து மடங்கு லென்ஸில் இது தெரியாது. நாற்பது மடங்கு நுண்ணோக்கியில் வண்டைக் குப்புறவும் மல்லாக்கவும் வைத்துப் பார்த்தால் குழப்பம் இருக்காது. நீளமாகக் குச்சிபோல் இருந்தால் பிளாட்டிபோடினே எனும் வேறு துணைக்குடும்பம். அது அடுத்த கதை.

யூவலேசியா என்று உறுதியான பிறகுதான் அளவீடு. முன்சிறகு உறையின் நீளம், முன்மார்பின் நீள அகலம், முன்காலின் டிபியா எனும் கணுவின் வெளிவிளிம்பில் குழியில் பதிந்த பற்களின் எண்ணிக்கை ஆகியவை பிரயோசனப்படும். ஃபோர்னிகேஷியர் சராசரியில் சிறியது, ஃபோர்னிகேட்டஸும் குரோஷியோவும் பெரியவை, பெர்பிரெவிஸ் நடுவில். ஆனால் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஒரு தொகுதியின் சராசரி ஏதோ சொல்லும். ஒற்றை வண்டு எதுவும் சொல்லாது. உருளை உடம்பு என்பதால் முன்பின்னாகச் சற்றுச் சாய்ந்து ஒட்டியிருந்தாலே உறை குட்டையாகத் தெரியும். உறையின் அடியும் நுனியும் ஒரே குவியத்தில் வரும்வரை அட்டையைத் திருப்பிய பிறகுதான் அளக்க வேண்டும். இளம்பழுப்பு வண்டை அளக்கக் கூடாது. அதன் உறை இன்னும் இறுகவில்லை, காய்ந்தால் சுருங்கும். ஆணையும் சேர்க்கக் கூடாது.

தீர்ப்புச் சொல்வது மரபணு. மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில், பூச்சிகளுக்குப் பொதுவாகப் பயன்படும் ஃபோல்மர் பிரைமர் (மரபணுவில் வேண்டிய துண்டைப் பெருக்க உதவும் சிறு டிஎன்ஏ) ஜோடியால் கிடைக்கும் சுமார் 658 எழுத்துத் துண்டு போதும். இந்த நான்கு இனங்களுக்கிடையே வேறுபாடு தாராளமாக இருப்பதால் நடுவில் தொங்கும் மாதிரி அபூர்வம். ஆனாலும் பல ஆய்வகங்கள் சறுக்கும் இடம் இதுதான். வரிசையை ஜென்பேங்க் என்னும் பொது மரபணுத் தரவுத்தளத்தில் தேடி, முதலில் வரும் பெயரை எழுதிவிடுகிறார்கள். அங்கே 2019க்கு முன் போடப்பட்ட வரிசைகள் போட்டவர் வைத்த பெயரிலேயே கிடக்கின்றன. பெர்பிரெவிஸின் வரிசை ஃபோர்னிகேட்டஸ் என்றும், ஃபோர்னிகேட்டஸின் வரிசை விட்ஃபோர்டியோடென்ட்ரஸ் என்றும் வரும். 99 விழுக்காடு பொருத்தம் என்பது வரிசையின் பொருத்தம். பெயருக்கு அது சான்று இல்லை. 2018, 2019 தாள்களில் பயன்படுத்திய வரிசைகளைத் தனியே இறக்கி, நம்முடையதையும் சேர்த்து மரபுவழி மரம் வரைந்து, எந்தக் கிளையில் விழுகிறது என்று பார்ப்பதே முறை.

பூஞ்சையையும் எடுக்க விரும்பினால் உயிருள்ள வண்டு வேண்டும். ஆல்கஹாலில் போட்டது உதவாது. தலையைப் பிரித்து, 70 விழுக்காடு ஆல்கஹாலில் சில நொடி அலசி, கிருமி நீக்கிய நீரில் கழுவி, சிறிதளவு நீரில் நசுக்கி, ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்த உருளைக்கிழங்கு அகர் தட்டில் பரப்ப வேண்டும். உடம்பு முழுவதையும் நசுக்கினால் குடலிலும் மேலுடம்பிலும் ஒட்டியதெல்லாம் முளைத்து, வேண்டியதை மூடிவிடும். 25 டிகிரியில் சில நாளில் வரும் வெண்மையான கூட்டத்தில், நுனி பருத்த கதை வடிவ வித்துகள் தெரிந்தால் இந்த வண்டுகளோடு வரும் ஃப்யூசேரியம் குழு. அதற்குள் எது என்று சொல்ல அதற்கும் மரபணுதான்.

மாதிரி எடுப்பு

குப்பிக் கணக்கு தண்டு வாரியாக இருக்கக் கூடாது. சுரங்கம் வாரியாக இருக்க வேண்டும். ஒரே தண்டில் இரண்டு தாய்கள், இரண்டு இனங்கள்கூட இருக்கலாம். இரண்டு மில்லி குப்பியில் 95 விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனால், ஒரு சுரங்கத்தின் நிறம் முற்றிய பெண்கள் நாலைந்து. 24 மணி நேரம் கழித்து எத்தனாலை ஒருமுறை மாற்ற வேண்டும், உடம்பின் நீர் அதை நீர்க்கச் செய்துவிடும். கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் கலந்திருப்பது என்னவென்று தெரியாது. ஃபார்மலின் மரபணுவை நாசமாக்கும். குளிர்பெட்டி இல்லாத நாளில் நிழலில் வைத்தாலே போதும், ஜீப்பின் டேஷ்போர்டில் வைக்காமல் இருந்தால் சரி. சீட்டைப் பென்சிலால் தடித்த தாளில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும்; பால்பாயின்ட் மை எத்தனாலில் கரையும்.

சகோதரிகள் ஏறத்தாழ ஒரே மரபணு என்பது இங்கே கைகொடுக்கிறது. ஒன்றை மரபணுவுக்கு அரைத்துவிட்டு, அதன் சகோதரியை முக்கோண அட்டையில் ஒட்டிச் சான்றாக வைக்கலாம். இரண்டுக்கும் ஒரே சுரங்க எண். பெரும்பாலான வேறு வண்டுகளில் இந்த வசதி கிடையாது.

சீட்டில் இடம், தேதி, சேகரித்தவர் இருக்கும். விட்டுப்போவது கடல்மட்ட உயரமும் தாவரமும். தோட்டத்தில் எல்லோரும் அடிக்கணக்கில் சொல்வார்கள். சீட்டில் மீட்டர் என்று குறித்தே எழுத வேண்டும். 3,500 அடியும் 3,500 மீட்டரும் குழம்பிய சீட்டு ஒன்று இருந்தாலே பரவல் வரைபடத்தில் ஆனைமுடிக்கு மேலே ஒரு புள்ளி மிதக்கும். அதன் உச்சியே 2,695 மீட்டர்தான். தாவரத்தைப் பொறுத்தவரை ‘நிழல் மரம்’ என்று எழுதுவதில் பயனில்லை. சில்வர் ஓக்கா, கல்யாண முருங்கையா, வாகையா என்பது வேண்டும்.

தாவரத்தோடு இன்னொரு விவரமும் வேண்டும்: வண்டு அங்கே துளை போட்டதா, பூஞ்சை வளர்ந்ததா, குஞ்சு பொரித்ததா? கலிஃபோர்னியாவில் இரண்டு தாவரவியல் தோட்டங்களில் 335 மர இனங்களைப் பார்த்ததில் 207இல் தாக்குதல் அடையாளம் இருந்தது. ஃப்யூசேரியம் கிடைத்தது 113இல்தான். வண்டு குடும்பம் நடத்திய மரங்கள் அதிலும் குறைவு. துளையை மட்டும் வைத்து ‘ஓம்புயிர்ப் பட்டியல்’ எழுதினால் அது வண்டு முயன்று பார்த்த மரங்களின் பட்டியலாகிவிடும்.

பொறி வைப்பவர்கள் எத்தனாலை நம்பிவிடக் கூடாது. எத்தனால் பொறியில் சைலோசாண்ட்ரஸ் கொத்தாக விழும். இந்தக் கூட்டத்துக்கு அது சுமாரான இழுப்புதான். இவற்றை இழுப்பது குவெர்சிவோரால் என்னும் வாசனை வேதிப்பொருள். எத்தனால் பொறி காலியாக இருந்ததால் ‘இங்கே இல்லை’ என்று எழுதிய பதிவுக்கு மதிப்பில்லை. இன்மையைச் சொல்ல வேண்டுமானால் ஆமணக்கைப் பிளந்து பார்ப்பது மேல். லயங்களின் ஓரத்தில், ரோட்டோரத்தில், ஆற்றங்கரையில் தானாக முளைத்து நிற்கும் ஆமணக்கு இந்தக் கூட்டத்துக்கு மிகவும் பிடித்தமானது. தேயிலை இல்லாத பள்ளத்தாக்கிலும் அது இருக்கும்.

காட்டுக்குள் எடுப்பதற்கு அனுமதி தனி. பெரியாறு புலிகள் காப்பகமும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் இரண்டு மாநில வனத்துறைகளின் கீழ் வருகின்றன. ஒன்றின் கடிதம் மற்றதில் செல்லாது. உயிருள்ள வண்டு இருக்கும் தண்டை மலைவிட்டு மலைக்கு எடுத்துச் செல்வது எக்காரணம் கொண்டும் கூடாது. ஒரு பெண் போதும் என்று மேலே சொன்னது ஆய்வாளர் பைக்கும் பொருந்தும். ஃபீல்டிலேயே பிளந்து, எத்தனாலில் போட்டு, மிச்சக் குச்சியை அங்கேயே எரித்துவிட வேண்டும்.

பரவல்: வரைபடம் எதைக் காட்டுகிறது

உலக அளவில் இன்று படம் ஓரளவு தெளிவு. ஃபோர்னிகேட்டஸ், பெர்பிரெவிஸ், ஃபோர்னிகேஷியர் மூன்றும் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவுக்கு உரியவை. இலங்கையில் மூன்றும் உண்டு, இந்தியப் பதிவுகளிலும் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஃபோர்னிகேட்டஸ் கலிஃபோர்னியா, இஸ்ரேல், தென்னாப்பிரிக்கா, 2021 முதல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் பகுதி வரை குடியேறிவிட்டது. பெர்பிரெவிஸ் ஃப்ளோரிடா, ஹவாய், நடு அமெரிக்கா. குரோஷியோ தைவான், ஒகினாவா, ஜாவா பக்கத்தது. தெற்குக் கலிஃபோர்னியாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் போயிருக்கிறது. ஃபோர்னிகேஷியர் மட்டும் இப்படி ஊர் சுற்றியதாகச் செய்தியில்லை.

நம் மலைகளுக்கு வந்தால், நடுத்தர உயரத்தில் தொல்லை அதிகம், உச்சியில் குறைவு என்பது தோட்டக்காரர்களின் பழைய அறிவு. வண்டிப்பெரியாறு 800 மீட்டரை ஒட்டியும் வால்பாறை 1,100ஐ ஒட்டியும் இருக்கின்றன. மூணாறு நகரம் 1,500, கொழுக்குமலை 2,000க்கும் மேல். இலங்கையில் செய்த ஆய்வுகளின்படி சுமார் 15 டிகிரிக்குக் கீழே வண்டின் வளர்ச்சி நின்றுவிடும். மேல் மூணாற்றில் பல மாதங்கள் இரவு அதற்குக் கீழேதான் போகும். ஒரு தலைமுறைக்கு ஆகும் காலம் நீண்டுவிடும். உயரக் கோடு இதனால் வருகிறது என்பது நியாயமான விளக்கம். ஆனால் மூன்று இனங்களுக்கும் ஒரே கோடு என்று வைத்துக்கொள்வதற்கு ஆதாரமில்லை. 900 மீட்டரில் ஒன்றும் 1,400இல் இன்னொன்றும் இருந்தால், ‘போரர் குறைந்தது’ என்று நாம் எழுதியது உண்மையில் ‘போரர் மாறியது’ என்பதாக இருக்கலாம். அதைப் பார்க்க ஒரே மலைச்சரிவில் 200 மீட்டருக்கு ஒரு நிறுத்தம் வைத்து, நிறுத்தத்துக்குக் குறைந்தது பத்துச் சுரங்கம், தேயிலையிலும் ஆமணக்கிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். கம்பம் பக்கம் அடிவாரத்தில் தொடங்கி குமுளி வழியாகப் பீர்மேடு வரையிலும், போடியிலிருந்து போடிமெட்டு வழியாகத் தேவிகுளம் வரையிலும் ரோடு ஏறுவதால் இரண்டு கோடுகள் சுலபமாகக் கிடைக்கும்.

பாலக்காட்டுக் கணவாயை மேற்குத் தொடர்ச்சி மலையின் பல உயிர்களுக்குத் தடையாகக் காட்டுவது வழக்கம். சோலைக்காட்டுத் தவளைக்கும் பறவைக்கும் அது சரி. சமவெளி ஆமணக்கில் குடித்தனம் நடத்தக்கூடிய வண்டுக்கு முப்பது கிலோமீட்டர் தாழ்நிலம் தடையா, பாதையா? பாதை என்றே படுகிறது. விறகு லாரியும் நாற்றுக் கூடையும் வாளையார், குமுளி, போடிமெட்டு வழியே தினமும் போகின்றன.

இருக்கும் பதிவுகளின் பெரிய குறை, அவை தேயிலை உள்ள இடங்களிலிருந்து வந்தவை. வரைபடத்தில் தெரிவது தேயிலையின் பரவல். அதே வண்டுகள் பக்கத்துச் சோலையில், முறிந்த கிளையில், ஆற்றங்கரை வாகையில் எந்த அளவில் இருக்கின்றன என்பது அதில் வராது. மகாராஷ்டிர, கர்நாடக மாதுளைத் தோட்டங்களில் பதிவான ‘ஃபோர்னிகேட்டஸ்’ நம் தேயிலையில் இருப்பதேதானா என்பதும் பெயரை மட்டும் வைத்துச் சொல்லக்கூடியதல்ல. பட்டர் ஃப்ரூட் எனும் அவகாடோவின் விலை ஏறி, காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே அதை நடும் தோட்டங்கள் கூடிவரும் இடுக்கியிலும் கொடைக்கானல் கீழ்மலையிலும் இந்தக் கேள்விக்குப் பணமதிப்பு உண்டு. தேயிலையில் இருப்பது ஃபோர்னிகேஷியர் என்றால் ஒரு கணக்கு. இஸ்ரேலில் அவகாடோவைக் காயவைத்த இனம் என்றால் வேறு கணக்கு.

மரபணு பார்க்க வழியில்லாத பதிவுகளில் ‘யூவலேசியா ஃபோர்னிகேட்டஸ் கூட்டம்’ என்று எழுதுவதே நேர்மை. சான்று வண்டுகளைப் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், கோழிக்கோட்டில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலை மையம், கோவை வேளாண் பல்கலைக்கழகம் போன்ற நிலையான சேகரிப்பு ஒன்றில் சேர்த்து, கிடைக்கும் பதிவு எண்ணைத் தாளில் குறிக்க வேண்டும். பெயர் இன்னொரு முறை மாறினாலும் அந்த எண்ணைப் பிடித்து வண்டைத் திரும்ப எடுத்துவிடலாம். பல பத்தாண்டுகளாகக் குத்தி வைத்திருக்கும் பழைய தேயிலை வண்டுகளையும் இதே வழியில் மீட்கலாம். அவற்றில் 658 எழுத்தும் முழுசாகக் கிடைக்காது, மரபணு துண்டு துண்டாகியிருக்கும். ஆனால் 130 எழுத்தளவுள்ள சிறு துண்டுகளுக்கான பிரைமர்கள் இருக்கின்றன. இந்த நான்கு இனங்களைப் பிரிக்க அந்த நீளம் பெரும்பாலும் போதும். ஒரு காலை மட்டும் கழற்றி எடுத்தால் அளவீட்டுக்கு வேண்டிய உடம்பு பழுதில்லாமல் மிஞ்சும். அது பின்காலாக இருக்கட்டும்; பற்களை எண்ண முன்கால் வேண்டும்.